தனியாக, கையில் குறைந்த காசோடு காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்குக்குப் போனால் உள்ளூர் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள்?

நன்றாக நடந்துகொள்வார்கள். ஆனால் தங்குவதற்குக் குல்மார்க்கைப் பார்க்காதீர்கள், 13 கிலோமீட்டர் கீழே இருக்கிற தங்மார்க்கைப் பாருங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் ஓட்டல்களும் பனிச்சறுக்குச் சரிவுகளும்தான். அங்கே கைடாகவும் ஸ்லெட்ஜ் என்கிற பனிவண்டி இழுப்பவராகவும் குதிரைக்காரராகவும் வேலை பார்க்கிறவர்கள் பலருக்குத் தங்மார்க்கிலும் சுற்றுக் கிராமங்களிலும்தான் வீடு. எனக்குக் கிடைத்த உபசரிப்பு முழுக்க அப்படி ஒரு வீட்டில் கிடைத்ததுதான்.

நான் குமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. விமானத்துக்குச் செலவழிக்கிற நிலைமை இல்லை. நாகர்கோவிலில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறி, ஸ்லீப்பரில் மூன்று இரவு படுத்து எழுந்து ஜம்முவில் இறங்கினேன். அங்கிருந்து பனிஹால் வரை ஷேர் வண்டி, அப்புறம் ஸ்ரீநகருக்கு ரயில். இப்போது போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். 2025 ஜூனிலிருந்து கத்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடுகிறது, ஹிம்சாகரும் கத்ரா வரை போகிறது. ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க்குக்கு ஷேர் சுமோ கிடைக்கும். பெட்டிக்குள் அம்மா கட்டிக் கொடுத்த முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் இருந்தன. இதைச் சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

தங்மார்க்கில் இறங்கியதும் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். கம்பூட்ஸ் வேண்டுமா, ஓவர்கோட் வேண்டுமா, கைடு இல்லாமல் மேலே ஒன்றும் பார்க்க முடியாது என்பார்கள். இதை மட்டும் பார்த்துவிட்டு "காஷ்மீர்க்காரர்கள் காசுக்கு அலைகிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம்ம கன்னியாகுமரி சங்கமத்துக்கு வருகிற ஒருவர் சங்கு மாலை விற்கிறவரையும் லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறவரையும் மட்டும் பார்த்துவிட்டு, குமரி மாவட்டமே இப்படித்தான் என்று எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? அதே ஆள் ஒரு நாள் ராஜாக்கமங்கலத்திலோ திருவட்டாறிலோ யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து ஒரு சாயா குடித்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். தங்மார்க்காரர்களுக்குக் குளிர்காலச் சம்பாத்தியம் பனியை நம்பித்தான். 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் புல் தெரிந்தது. அந்த மாதம் முழுக்க வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த வீடுகள் அவை. பனி விழுந்த வாரத்தில் அவர்கள் பின்னாலேயே ஓடி வருவதை நான் குறையாகப் பார்க்க மாட்டேன்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். தங்மார்க்குக்குக் கீழே ஒரு கிராமத்தில், குடும்பம் இருக்கிற வீட்டில் ஒரு அறை பேசி வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, கரண்ட் இல்லை. என் ஹிந்தி தட்டுத் தடுமாறும் ஹிந்தி. கதவைத் திறந்த பெரியவர் என் ஆதார் கார்டை டார்ச் அடித்துப் பார்த்தார், கன்னியாகுமரி என்று படித்தார், உடனே, "தணுப்பல்லே மோளே, அகத்து வா" என்றார். சுத்தமான மலையாளம்! குளிருதல்லவா மகளே, உள்ளே வா என்கிறார். இளவயதில் பல குளிர்காலங்கள் கோவளத்தில் சால்வைக் கடையில் நின்றவராம். தக்கலையிலிருந்து கோவளம் எவ்வளவு தூரம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லைப் பக்கம் வளர்ந்த எனக்கு மலையாளம் வீட்டுப் பேச்சு மாதிரி. இமயமலைப் பனியில், ஒரு காஷ்மீரிப் பெரியவரும் நானும் அன்று ராத்திரி விழிஞ்ஞம் மீனைப் பற்றி மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

உள்ளே கூட்டிப்போனதும் அந்த வீட்டு மருமகள் முதலில் செய்தது, தன் ஃபெரனுக்குள் இருந்த காங்கடியை எடுத்து என் கையில் கொடுத்தது. ஃபெரன் என்பது முழங்கால் வரை தொங்குகிற கம்பளி அங்கி. காங்கடி, மரக்குச்சி பின்னிய கூடைக்குள் வைத்த மண்சட்டி. அதில் கரித்தணல், மேலே சாம்பல். ஃபெரனுக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நெருப்பை மடியில் வைக்கப் பயம். அவள் என் கையைப் பிடித்து எந்தப் பக்கம் சாய்க்கக் கூடாது என்று காட்டினாள். சூடு குறைந்தால் கூடையிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிற சின்னக் கரண்டியால் சாம்பலை மெதுவாக விலக்க வேண்டும், கிளறிவிட்டால் தணல் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவளுக்கு அந்த ராத்திரிக்கு இருந்தது அந்த ஒரு காங்கடிதான் என்பது அவள் மாமியார் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். வடக்கே போனால் சப்பாத்திதான் என்று நினைத்திருந்தேன். காஷ்மீரிகள் சோறு சாப்பிடுகிறவர்கள், மத்தியானமும் ராத்திரியும் சோறு. கூட ஹாக் என்கிற கீரை, தண்ணீராக, பச்சை மிளகாய் போட்டு. அதோடு அன்று வந்தது கருவாடு. ஆமாம், கருவாடுதான். கடுங்குளிரில் காய்கறி வராது என்பதால் வெயில் காலத்திலேயே சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி, டர்னிப் எல்லாவற்றையும் அரிந்து உலர்த்தி வைத்துவிடுவார்கள். சின்ன மீனையும் அப்படியே. ஆற்று மீன், ஏரி மீன். சிவக்க மிளகாய் போட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். மணம் வந்ததுமே எனக்கு முட்டம் கடற்கரையில் மணலில் காய்கிற நெத்திலிதான் ஞாபகம். டூரிஸ்ட்டுக்கு இதைக் கொடுக்க அந்த வீட்டில் தயக்கம் இருந்திருக்கிறது. மணம் பிடிக்காது என்று எனக்குத் தனியாகப் பருப்பு வைத்திருந்தார்கள். நான் கருவாட்டைக் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டதும் பாட்டி சிரித்த சிரிப்பு! அதற்கப்புறம் எனக்குத் தனிச் சமையல் இல்லை. அடுப்படியில் அவர்கள் வட்டத்திலேயே இடம்.

அந்தப் பாட்டியிடம்தான் என் நர்ஸ் வேலை கொஞ்சம் உபயோகப்பட்டது. அங்கே நாள் முழுக்க நூன் சாய் குடிப்பார்கள். பச்சைத் தேயிலையைச் சமையல் சோடா போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்து, கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றி ஆற்றி, பாலும் உப்பும் சேர்த்தால் ரோஜா நிறத்தில் வரும். சமோவார் என்கிற சூட்டுக் கெண்டியில் சூடாகவே இருக்கும். பாட்டிக்கு பிரஷர் உண்டு, மாத்திரை அட்டையைக் காட்டினார். தலை வலிக்கிற நாளில் மட்டும் போட்டுக்கொள்கிறாராம். பெரியவரை வைத்துக்கொண்டு, தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும், உப்புச் சாயா எத்தனை கோப்பை என்று கணக்கு வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். மாத்திரைக்குச் சம்மதித்தார். சாயாவுக்கு ஒரு கோப்பை மட்டும் குறைக்கிறேன் என்றார். மறுநாள் காலையில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு மாத்திரை அட்டையோடு வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த அளவு விளக்கிவிட்டு, சந்தேகமானதையெல்லாம் தங்மார்க் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன்.

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். என்னிடம் இருந்தது ப்ரீபெய்டு. வீட்டுப் பையன் ராத்திரியானால் தன் போனைக் கொண்டுவந்து கொடுத்து "அம்மாவிடம் பேசுங்கள் தீதி" என்பான். அம்மா வீடியோவில் முதலில் பார்க்கக் கேட்டது என்னை இல்லை, அந்த வீட்டுப் பெண்களை. அம்மா தமிழில் கேட்பார், பாட்டி காஷ்மீரியில் பதில் சொல்வார். அம்மா கேமராவைத் திருப்பித் தென்னைமரத்தைக் காட்ட, பாட்டி ஜன்னலைத் திறந்து கூரைப் பனியைக் காட்டுவார். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டோமே என்று உறவுக்காரர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா, அதற்கப்புறம்தான் தூங்கினார்.

பனிச்சறுக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கொண்டோலா என்கிற கேபிள் காரில் முதல் கட்டம் கோங்டூரி வரை, இரண்டாம் கட்டம் அபர்வத் மலை மேல் 3,900 மீட்டருக்கும் மேலே. புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கீழே இருக்கிற சின்னச் சரிவே போதும். வாடகைக்குச் சாமான் எடுத்து, பெரியவரின் தம்பி மகனையே கற்றுக்கொடுக்க வைத்தேன். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிலையம் அங்கேயே உண்டு, முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசி நாள் இரண்டாம் கட்டம் போக ஆசைப்பட்டேன். அவன் கூட வந்தால் அவனுக்குக் கூலி. காலையில் மலையைப் பார்த்துவிட்டு, "மேலே காற்று பலமாக இருக்கிறது, இன்று வண்டியை நிறுத்திவிடுவார்கள், திறந்தாலும் பனி சரியில்லை, காசை வீணாக்காதீர்கள்" என்றான். அபர்வத் சரிவில் 2023 பிப்ரவரி 1 அன்று பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்ததை அவன் மறக்கவில்லை. பேசாமல் என்னைக் கூட்டிப்போயிருக்கலாம், அன்றைய கூலியாவது கிடைத்திருக்கும். வேண்டாம் என்றான். ஓகி புயல் வந்தபோது கடலில் போனவர்களுக்காகக் காத்திருந்த ஊர்க்காரி நான். மலை அறிந்தவன் போகாதே என்றால் எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குப் பதிலாக என்னை அவன் கூட்டிப்போன இடம் பாபா ரேஷி தர்கா. குல்மார்க்குக்குக் கீழே, 15-ஆம் நூற்றாண்டு சூஃபிப் பெரியவர் அடங்கிய இடம். எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள், நேர்ந்துகொண்டு அங்கே இருக்கிற மண் அடுப்பை மெழுகுகிறார்கள். தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் சின்ன வயதிலிருந்து நேர்ச்சைச் சோறு வாங்கிச் சாப்பிட்டவளுக்கு அங்கே கால் வைத்ததும் கூச்சம் போய்விட்டது.

இப்போது காசு விஷயம். குறைந்த செலவில் போகிறவர்கள் பலர் உபசரிப்பையே செலவைக் குறைக்கும் வழியாக நினைக்கிறார்கள். அது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். அறைக்கு என்ன வாடகை, பயிற்சிக்கு என்ன கூலி என்று முதலிலேயே பேசுங்கள், பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். ஸ்லெட்ஜ் இழுக்கிறவரிடம் ஐம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு ராத்திரி அவர் இனத்தார் வீட்டில் ஓசிச் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது. நான் மிச்சம் பிடித்தது ரயிலிலும், மேலே ஓட்டல் அறை எடுக்காததிலும்தான். சாப்பாட்டுக்கு என்று கிளம்புகிற அன்று நீட்டிய பணத்தைப் பாட்டி வாங்கவே இல்லை. நம்மூர் வழக்கப்படி சின்னப் பிள்ளையின் கையில் மடித்து வைத்தேன், அதை யாரும் தடுக்கவில்லை. முந்திரிக்கொத்தைத்தான் பெரியவர் பங்கு போட்டுக் கொடுத்தார். பயறும் வெல்லமும் எத்தனை நாள் பயணத்துக்கும் தாங்கும், நீங்களும் அப்படி ஏதாவது கொண்டுபோங்கள். திரும்பும்போது பை நிறைய அவர்கள் தோட்டத்து அக்ரூட், அதாவது வால்நட்.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் பெரியவர்தான் முதலில் போன் செய்தார். "எங்களால் தலை நிமிர முடியவில்லை மோளே" என்றார். முன்பதிவெல்லாம் ரத்தாகி அந்தக் கிராமமே வருமானம் இல்லாமல் கிடந்தது. ஆகவே போகும் முன் அந்த வாரத்து நிலவரத்தைக் கட்டாயம் விசாரியுங்கள், எந்தெந்த இடம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். நிலைமை சரியாக இருந்தால் தயங்காமல் போங்கள்.

பெண்கள் தனியாகப் போனால் அறை பேசும்போதே வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள், கேட்பதை அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரை சில்லை கலான் என்கிற கடுங்குளிர். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும், குளிக்கிற தண்ணீரை வீட்டார் அடுப்பில் காய்ச்சித் தர வேண்டும், அவர்களுக்குத்தான் சிரமம். பிப்ரவரி நடுவில் போனால் பனியும் இருக்கும், வீட்டிலும் கொஞ்சம் லேசாக இருக்கும். பனி அதிகமானால் தங்மார்க்குக்கு மேலே சங்கிலி போட்ட வண்டிகளை மட்டும்தான் விடுவார்கள், காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்.