கையெழுத்துப் போடுவதற்கு முன்

நாவல் எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதப் பதில்கள்.

ஒன்றரை வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தை ஒன்பது முறை திருத்திவிட்டேன். நான்காவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. ஆரம்பம் சரியாக அமைந்தால்தானே மற்றது வரும்?
ஈரோடு வாசகர்

இப்போதைக்கு அந்த முதல் அத்தியாயத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஐந்தாவது அத்தியாயத்தை எழுதுங்கள். நான்காவது அரைகுறையாக நிற்கிறதா? நிற்கட்டும். கதை எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாது.

என் இரண்டாவது நாவல் தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பது. அதை ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்திருந்தேன். பந்தி, மொய் நோட்டு, சம்பந்தி வீட்டாரின் முகச்சுளிப்பு என்று எல்லாம் இருந்தது. உங்களைப் போலவே அந்தப் பக்கங்களைத்தான் தேய்த்துத் தேய்த்து மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். முழுவதும் எழுதி முடித்து, இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்து, பிறகு ஒரே நாளில் படித்தேன். கதை 41-ஆம் பக்கத்தில்தான் தொடங்கியது. அங்கே ஒரு பெண் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, பாதவெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தாண்டி வெளியே வருகிறாள். முதல் 40 பக்கத்தையும் எடுத்துவிட்டேன். மூன்று நாள் மனசு கனமாகத்தான் இருந்தது. கல்யாணத்தில் நகை மாற்றிக் கொடுத்த விஷயம் மட்டும் பின்னால் இரண்டு வரிப் பேச்சாக வந்தது. அங்கே அது இன்னும் நன்றாகவே உட்கார்ந்தது.

ஒரு வழி சொல்கிறேன். நான் நீள நோட்டில் வலது பக்கத்தில் மட்டும் எழுதுவேன். இடது பக்கம் காலியாக இருக்கும். முன்னால் ஏதாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் திரும்பிப் போய்த் திருத்தமாட்டேன். 'மாமாவுக்கு இருமல் இங்கேயே இருக்கணும்' என்று இடது பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு மேலே போவேன். கணினியில் எழுதுகிறவர்கள் இதற்குத் தனியாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம். நாவல் முடியும்போது குறிப்புகளில் பாதி தேவையே இல்லாமல் போயிருக்கும்.

நாவல் என்றால் குறைந்தது எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?
தஞ்சாவூர் வாசகி

விதி எதுவும் இல்லை. ஆனால் அச்சகத்தில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே பக்கத்தை எண்ணமாட்டார்கள், ஃபாரம்தான் எண்ணுவார்கள். ஃபாரம் என்றால் ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் கட்டு. டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு ஃபாரம் 16 பக்கம். பக்கத்துக்குச் சுமார் 220 சொற்கள் என்று வைத்தால், 45,000 சொற்கள் கொண்ட நாவல் 205 பக்கம் போல வரும். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், முன்னுரை எல்லாம் சேர்த்து 208-இல் முடிந்தால் சரியாக 13 ஃபாரம். அதுவே 210 ஆகிவிட்டால் 14-ஆவது ஃபாரத்தில் இரண்டே பக்கம் அச்சாகி, மீதி வெறும் தாளாகத் தொங்கும். 'முன்னுரையைக் கொஞ்சம் குறைத்துத் தரமுடியுமா?' என்று பதிப்பாளர் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பதிப்பகத்தில் 60,000 ரூபாய் கேட்கிறார்கள். 300 பிரதி அச்சிட்டு, சென்னை புத்தகக் காட்சியில் வைத்து விற்றுத் தருவார்களாம். ராயல்டி 10 சதவீதம். ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாக 4,000 ரூபாய். கொடுக்கலாமா?
விழுப்புரம் வாசகர்

வேண்டாம். ஏன் என்று உங்களுக்கே தெரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புத்தகத்தின் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 300 பிரதியும் ஒன்று விடாமல் விற்றாலும் உங்கள் கைக்கு வருவது 9,000. கொடுத்ததோ 64,000. இந்த ஏற்பாட்டில் ஒரு பிரதிகூட விற்காவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. அப்படியிருக்க, புத்தகத்தைக் கடை கடையாக எடுத்துப்போக அவர்களுக்கு என்ன அவசரம்? பதிப்பாளர் என்பவர் தன் பணத்தைப் போடுகிறவர். போட்டதை எடுக்கத்தான் ஓடுவார்.

அந்த எண் விஷயம் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை வழங்குகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்துத் தருகிற வேலைக்கு யாராவது சின்னத் தொகை கேட்டால் அது ஒரு கூலி, சரி. எண்ணுக்கே விலை என்று சொல்வது சரியில்லை.

சொந்தமாக வெளியிடுவதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். அதில் ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் சொந்தமாக வெளியிட்டால் பிரதிகள் சொந்தமாக இருக்க வேண்டும், விற்ற பணமும் உங்களிடம் வர வேண்டும். இப்போது பி.ஓ.டி. என்கிற, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50 பிரதி, 100 பிரதி என்றுகூட அச்சிட்டுத் தருகிறார்கள். மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட்டைவிடப் பிரதிக்குச் செலவு அதிகம்தான், ஆனால் மாடியில் புத்தகக் கட்டு அடுக்கிவைத்து வெள்ளிமீன் பூச்சிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் பாதியை மெய்ப்பு, அதாவது அச்சுப் பிழை, பார்க்கும் நல்ல ஒருவருக்கும் அட்டை வடிவமைப்பவருக்கும் கொடுங்கள். கடைகளுக்குக் கொடுப்பதானால் 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள். அதை மனதில் வைத்து விலை போடுங்கள்.

இன்னொன்று. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வந்துவிட வேண்டும் என்று நவம்பரில் ஓடிவராதீர்கள். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் 11 வருடம் மெய்ப்புப் பார்த்தவள் நான். மார்கழி மாதம் முழுக்க வீட்டுக்குப் போக இரவு பத்தாகும். ஒரே வாரத்தில் ஏழெட்டுப் புத்தகம் கை மாறும். அந்த நேரத்தில் வந்த நாவல்களில் நான் விட்ட பிழைகள் இன்னும் என் கண் முன்னால் நிற்கின்றன. உங்கள் நாவல் ஜூலையில் வரட்டும். எல்லோரும் நிதானமாகப் பார்ப்பார்கள்.

எழுதியது தமிழில் ஒரு சிறிய நாவல். அதற்குப் போய் ஒப்பந்தம், பத்திரம் என்று கேட்டால் பதிப்பாளர் தப்பாக நினைக்கமாட்டாரா?
நாகர்கோவில் வாசகி

நானும் இப்படித்தான் கூச்சப்பட்டேன், அம்மா. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1998-இல் என் முதல் நாவலுக்கு ஒரு பதிப்பகத்தார் 2,500 ரூபாய் மொத்தமாகத் தந்தார்கள். அரைப் பக்கக் கடிதம் ஒன்றை நீட்டினார்கள். 'இந்நூலின் எல்லா உரிமைகளையும் பதிப்பகத்தாருக்கு அளிக்கிறேன்' என்று ஒரு வரி, கீழே தேதி. புத்தகமாக வருகிறதே என்ற சந்தோஷத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். 2005-இல் மலையாளத்தில் மொழிபெயர்க்க ஒருவர் அனுமதி கேட்டார். பதிப்பகத்தில் விசாரித்தால், 'உரிமை எங்களுடையது, எங்களிடம்தான் பேச வேண்டும்' என்றார்கள். எழுதிய எனக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எதிர்வீட்டில் ஒரு வழக்கறிஞர் அம்மா இருந்தார். கடிதத்தின் நகலை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர், 'எத்தனை வருஷத்துக்குன்னு எங்கே எழுதியிருக்கு?' என்று கேட்டார். எங்கேயும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆவது பிரிவை எடுத்து அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது கால அளவு குறிப்பிடவில்லை என்றால் அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அப்படியானால் 2003-லேயே உரிமை என்னிடம் திரும்பிவிட்டது. இரண்டு வருடமாக என் வீட்டுக்குள்ளேயே இருந்த பொருளை நான் ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். ஒரு பதிவுத் தபால் அனுப்பினோம். அவர்கள் மறுத்து எதுவும் எழுதவில்லை. மலையாளத்தில் புத்தகம் வந்தது.

அதனால் கூச்சம் வேண்டாம். உரிமை மாற்றம் என்றாலே அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். நீங்கள் ஒப்பந்தம் கேட்பது பதிப்பாளருக்கும் பாதுகாப்பு. எத்தனை ஆண்டு, எத்தனை பிரதி, எத்தனை சதவீதம், வருடத்தில் எந்த மாதம் கணக்குத் தருவார்கள் என்று இந்த நான்கும் அதில் இருக்கட்டும். 'அச்சுப் புத்தக உரிமை மட்டும்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், வெப் சீரிஸ் எல்லாம் தனித்தனி உரிமைகள். ஒவ்வொன்றையும் தனியாகப் பேசிக்கொள்ளலாம். 'எல்லா உரிமைகளும்' என்ற சொல்லைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை அலமாரியில் போட்டுவிட்டால்? ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதபட்சத்தில், கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதியாகும். இதுவும் அதே பிரிவில் இருக்கிறது.

பதிவு செய்தால்தான் பதிப்புரிமை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது. உங்கள் ஆயுட்காலம் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும் அது இருக்கும். உங்கள் பேரக்குழந்தைகளுக்கு உரிய சொத்து அது. அந்த எண்ணத்தோடு பேனாவை எடுங்கள்.

கொங்குப் பேச்சில் எழுதினால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்று நண்பர் சொல்கிறார். பொதுத்தமிழுக்கு மாற்றட்டுமா?
கோபிசெட்டிபாளையம் வாசகர்

மாற்றாதீர்கள். 'வரோணும்' என்று சொல்கிற பெரியவரை 'வர வேண்டும்' என்று பேசவைத்தால் அவர் உங்கள் ஊரைவிட்டே போய்விடுவார். ஆனால் மெய்ப்புக்காரியாக ஓர் எச்சரிக்கை. உங்கள் ஊரில் 'என்னுடைய' என்பதற்கு 'என்ற' என்பீர்கள். எழுத்தில் அதே 'என்ற' வேறு வேலையும் செய்கிறது. 'முருகன் என்ற தம்பி வந்தான்' என்று எழுதினால், என்னுடைய தம்பியான முருகன் வந்தானா, முருகன் என்ற பெயருள்ள யாரோ ஒரு தம்பி வந்தானா? பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், தாளில் குரல் இல்லை. இந்த இடங்களில் 'என்ற தம்பி முருகன்' என்று வரிசையை மாற்றினாலே போதும், சொல்லை விட வேண்டியதில்லை.

அப்புறம், ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். 'ஊட்டுக்கு' என்று எழுதுவீர்களா, 'வூட்டுக்கு' என்றா? எதுவானாலும் கடைசிப் பக்கம்வரை அதே எழுத்தாக இருக்கட்டும். அந்தப் பட்டியலைப் புத்தகத்தை மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுத்தால் அவர் உங்களை வாழ்த்துவார். பின்னிணைப்பாகச் சொற்பொருள் பட்டியல் வேண்டாம் என்பது என் கருத்து. பத்துப் பக்கம் கூடவே நடந்தால் எந்த ஊர் வாசகரும் பழகிவிடுவார்.

எழுதி முடித்ததை யாரிடம் படிக்கக் கொடுக்கலாம்?
புதுச்சேரி வாசகி

நாவல் எந்த வேலையைப் பற்றியதோ அந்த வேலை செய்கிறவர் ஒருவருக்காவது படித்துக் காட்டுங்கள். என் உப்பள நாவலில் ஐப்பசி மாதத்தில் உப்பு வாருவதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். முத்தையாபுரத்தில் 30 வருடம் உப்பளத்தில் நின்ற ஓர் அக்காவிடம் அதை வாசித்தேன். 'ஐப்பசியில ஏதும்மா உப்பு? மழை பெஞ்சு பாத்தியெல்லாம் தண்ணியாக் கெடக்கும். அப்ப எங்களுக்குச் சோத்துக்கே வழி இருக்காது' என்றார். அந்தக் காட்சியை அடித்துவிட்டேன். அவர் சொன்னதிலிருந்துதான் நாவலின் ஒன்பதாவது அத்தியாயம் பிறந்தது. மழைக்காலத்தில் அடகுக்கடை வாசலில் பித்தளைக் குடத்தோடு நிற்கும் பெண்கள் அதில்தான் வருகிறார்கள்.

பதிப்பாளர் பி.டி.எஃப். அனுப்பியிருக்கிறார். நான்கு நாளில் பார்த்துத் தரச் சொல்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?
மதுரை வாசகர்

முதலில் பத்து நாள் கேளுங்கள். பிறகு தாளில் அச்செடுத்துக்கொண்டு, ஓர் அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து வாய்விட்டுப் படியுங்கள். திரையில் கண் ஓடிவிடும். நீங்கள் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, அதை யூனிகோடுக்கு மாற்றியிருந்தால் துணைக்காலும் 'ர'வும் இடம் மாறியிருக்கும். 'ஔ' என்பது 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்திருக்கும். ஒற்றை மேற்கோள் குறிகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும். அத்தியாயத் தலைப்புகளையும் பக்க எண்களையும் கடைசியில் தனியாக ஒருமுறை பாருங்கள். கதையைப் படிக்கிற கண் அவற்றைப் பார்க்காது. அதன் பிறகு உரிமைப் பக்கத்துக்குப் போய், பதிப்புரிமை என்ற சொல்லுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே உங்கள் பெயர் இருந்தால் மட்டும் 'அச்சிடலாம்' என்று எழுதி அனுப்புங்கள்.