ஆத்தோரக் கடையும் அப்பாவின் ரொட்டியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்காக நோர்வூட்டிலிருந்து கொழும்புக்குக் கூட்டிப்போனோம். வழியில் கித்துல்கலப் பக்கம், களனி ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் அந்தப் பழைய கடையில் பகல் சாப்பாடு. நீங்கள் அதைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், அதை நம்பித்தான் வேனை நிறுத்தினோம். வாசல் பலகையில் 'மலைநாட்டுப் பாரம்பரிய உணவு' என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தது. உள்ளே பதினான்கு சட்டி. பிஞ்சுப் பலாக்காய், ஈரப்பலாக்காய், வாழைப்பூ, பேர் தெரியாத கீரைகள். அப்பா, "ரொட்டியும் கட்டசம்பலும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். பரிமாறிய பையன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அப்பா அரை வயிற்றோடு எழும்பினார். தோட்டத் தமிழர் நாம் இருநூறு வருஷமாக இந்த மலையில் இருக்கிறோம். மலைநாட்டு உணவு என்றால் அதில் நாம் இல்லையா? நீங்கள் அந்தக் கடையை மெச்சி எழுதியது சரிதானா?

ஒரு வாசகி, நோர்வூட்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பாவுக்குக் கண் இப்போது எப்படி? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

கடையை மெச்சியதில் எனக்கு வருத்தமில்லை. கோளாறு பலகையில்தான். தமிழில் 'பாரம்பரிய' என்பதற்கு வல்லின ற போட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? போகும்போதெல்லாம் சொல்கிறேன். முதலாளியும் போகும்போதெல்லாம் தலையாட்டுகிறார்.

கித்துல்கல மலைநாட்டின் வாசற்படி. கினிகத்தேனைக்கு ஏறிய பிறகுதான் குளிர் தட்டும், தேயிலை விடாமல் கூட வரும். கீழே இருப்பது ரப்பர், பலா, ஊர்ப் பெயரிலேயே நிற்கிற கித்துல் பனை. அந்தப் பதினான்கு சட்டியும் அந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களின் வீட்டுச் சாப்பாடு. அதை அந்தக் கடை ஒழுங்காகச் சமைக்கிறது. ஒரு தடவை மழைக்கு ஒதுங்கி, பின்கட்டில் பொலொஸ் சமைப்பதைக் கிட்ட நின்று பார்த்தேன். சமையல்கார அம்மா கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிஞ்சுப் பலாக்காயை வெட்டினார். இல்லாவிட்டால் பால் பிசின் இரண்டு நாளைக்கு விடாது. கொறுக்காய்ப்புளி, கறுவா, ரம்பை, வறுத்த தூள் எல்லாம் மண்சட்டிக்குள் போனது. தேங்காய்ப்பால் ஊற்றி விறகடுப்பில் ஏற்றியபோது காலை எட்டு மணி. பதினொன்றுக்கு மூடியைத் திறந்தார். துண்டுகள் கருஞ்சிவப்பாகி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றது. இறைச்சி என்று சொல்லிக் கொடுத்தால் நம்புவீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. அந்தச் சட்டிக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம், தென்னை, கொறுக்காய் காய்ப்பதற்கும் ஒரு மரம், அப்புறம் மூன்று மணி நேரம். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இதில் எது இருந்தது? காம்பிரா தோட்டத்துடையது, மண் தோட்டத்துடையது, மரமும் தோட்டத்துடையது. விடியுமுன் எழும்பி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, ஓடுகிறவள் பொலொஸ் சட்டியை எந்த நேரத்தில் ஏற்றுவாள்?

ரொட்டிக்கு வேண்டிய கோதுமை இந்த மலையில் விளைந்ததும் இல்லை. தோட்டத்தில் அரிசி கொடுத்தார்கள், காசைச் சம்பளத்தில் கழித்தார்கள். 1942இல் பர்மா ஜப்பான்காரர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்தில் கோதுமை மா லயத்துக்குள் நுழைந்தது, பிறகு போகவே இல்லை. 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினி கிடந்தார்கள். அப்பாவிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். ரொட்டிக்கு அவ்வளவு தடிப்பு ஏன் என்றும் அவருக்குத் தெரியும். மலைக்குக் கட்டிக்கொண்டு போனால் மழையில் நனைந்தாலும் பிய்ந்து போகாது, தேத்தண்ணி நேரத்துக்கு ஒன்று தின்றால் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் வயிறு தாங்கும்.

பஞ்சத்தில் பிறந்த சாப்பாட்டை 'பாரம்பரியம்' என்று பலகையில் எழுதி, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு ஆயிரக்கணக்கில் விற்கவேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் இருக்கிறது. உங்களுக்கு இல்லை போலிருக்கிறது. சரி, நீங்கள் இளையவர்.

கட்டசம்பலை மட்டும் நமக்கென்று பட்டா எழுதிக்கொள்ள வேண்டாம். செத்தல் மிளகாய், வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு, தேசிக்காய். இதையே சிங்களவர்கள் லுணுமிரிஸ் என்று அம்மியில் அரைக்கிறார்கள். காரத்தில்தான் வித்தியாசம், அதுவும் வீட்டுக்கு வீடு.

அப்புறம் அந்த ஆறு. மேசையிலிருந்து நீங்கள் பார்த்தது உங்கள் ஊர்த் தண்ணீர். நோர்வூட் வழியாக வரும் கெஹெல்கமு ஓயா காசல்ரீயில் தேங்குகிறது, மஸ்கெலியா ஓயா மவுசாகலையில் தேங்குகிறது. இரண்டும் மின்நிலையங்களுக்குள் விழுந்து எழும்பி, கித்துல்கலவுக்கு மேலே சேர்ந்து களனி ஆகின்றன. மழையே இல்லாத நாளில் ஆறு சட்டென்று அரை ஆள் உயரம் ஏறினால், மேலே மின்சாரத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரப்பர் படகுக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். இது தெரியாமல் பாறையில் செருப்பைக் கழற்றி வைத்து ஒரு ஜோடியைப் பறிகொடுத்தவன் நான். பொரித்த மீன் சாப்பிட்டிருந்தால் அது பெரும்பாலும் காசல்ரீயில் பிடித்த ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா. அதையாவது நம்ம கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பையன் சிரித்ததற்கு வருகிறேன். அவன் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அப்பாவைக் கேலி செய்து சிரித்திருக்கமாட்டான். அந்தக் கடையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் நம்ம ஆட்கள். காலை ஏழு மணிக்கு, பதினான்கு சட்டியும் அடுப்பேறுவதற்கு முன்னால், பின்கட்டில் அவர்களுக்கென்று ரொட்டி சுடுகிறார்கள். நான் பொலொஸ் பார்க்க நின்ற அன்று எனக்கும் ஒன்று கிடைத்தது. தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டி, ஒரு பக்கம் கொஞ்சம் கருகல், நடுவில் கட்டசம்பல், கையில் சாயத்தண்ணி. ஆத்தைப் பார்க்கத் திரும்பிக்கூட இல்லை யாரும். சிங்களச் சமையல்கார அம்மாவும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

அதனால் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது விடிகாலையே புறப்படுங்கள். ஏழு மணிக்கு வேனை வாசலில் நிறுத்தாமல் பக்கத்துச் சந்தால் பின்பக்கம் போய், அதே பையனிடம் அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். போன தடவை சில்லறை இல்லாமல் வந்துவிட்டேன், நாற்பது ரூபாய் பாக்கி நிற்கிறது.

அன்புடன்,
அண்ணன்