முறுக்குத் தூக்கில் வைத்த ஐந்து சவரன்

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் வசிக்கிறேன். போன ஞாயிறு சிதம்பரத்தில் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து, மாலை விழுப்புரம் பாசஞ்சரில் ஆறு பேர் திரும்பினோம். கூட்டத்தில் அறுத்துவிடுவார்கள் என்று மாமியார் சொன்னதால், ஐந்து சவரன் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, எவர்சில்வர் தூக்கில் முறுக்குக்கு அடியில் வைத்து, சாமான் தட்டில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து திறந்தால் சங்கிலியும் இல்லை, முறுக்கும் இல்லை. அடியில் ஒரு பிடி எலுமிச்சை சாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகையை எடுத்தவர்கள் கண்ணில் மண்ணைத் தூவ சாதத்தைப் போட்டுவைத்தார்கள் என்கிறார் மாமியார். ஆலப்பாக்கத்தில் தண்ணீர் பாட்டில் எடுக்க எழுந்த நாத்தனார் மேல் ஒருவருக்குச் சந்தேகம். கடலூர் துறைமுகத்தில் ஏறி திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிய சுண்டல்காரர் மேல் இன்னொருவருக்கு. மறுநாள் கொழுந்தனார் அதே ரயிலில் போய் சுண்டல்காரரைப் பிடித்து வாளியைக் கொட்டிப் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து மை போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். தூக்கின் அடியில் 'அன்பளிப்பு கா.மு. வில்லியனூர்' என்று வெட்டியிருக்கிறது, அடையாளத்துக்காக எழுதுகிறேன். யார் மேல், எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? ரயில்வே நஷ்ட ஈடு தருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அடையாளத்துக்காக என்று கடைசியில் எழுதிய வரிதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது. புகார் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்து, வில்லியனூர் கா.மு. என்று யாராவது பாத்திரம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாமியார் வீட்டுப் பழைய நோட்டு இருந்தால் அதையும் பாருங்கள். அப்படி ஒரு பெயரே இல்லை என்றால், வீட்டுக்கு வந்திருப்பது உங்கள் தூக்கே இல்லை. திருடன் சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடுவான். முறுக்கையும் சேர்த்து எடுத்து, சாதத்தை அடைத்து, தூக்கை அதே தட்டில் வைத்துவிட்டுப் போக மாட்டான். ஒரே அளவில், ஒரே மாதிரி இருந்த இரண்டு தூக்குகள் கை மாறியிருக்கின்றன என்பதுதான் பொருந்துகிறது.

எப்படி மாறியிருக்கும்? அந்தத் தூக்குக்குரியவர்கள் உங்களுக்கு முன்பே இறங்கியிருந்தால், உங்களுடையதை எடுத்துக்கொண்டு தங்களுடையதை விட்டுப் போயிருக்கிறார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நேர் ரயில் பாதை இல்லாததால், வில்லியனூர்ப் பக்கம் போகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி பஸ் பிடிப்பது உண்டு. விழுப்புரம் வரை போய் புதுச்சேரி ரயிலில் மாறி, வில்லியனூர் ஸ்டேஷனிலேயே இறங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் இந்த இரண்டாவது வகை என்றால், நெல்லிக்குப்பத்தில் அவர்கள் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கியவர் நீங்கள்தான். பொருளை முதலில் எடுத்தவர் திருடர் என்றால் அந்தப் பட்டம் உங்களுக்கு வந்துவிடும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவுப்படி, நேர்மையற்ற எண்ணத்தோடு, பிறர் வசமிருக்கும் பொருளை அவர் சம்மதமில்லாமல் நகர்த்தினால்தான் திருட்டு. தன்னுடையது என்று நம்பி எடுத்தவர் திருடர் அல்ல. இது உங்களுக்கும் பொருந்தும், அவர்களுக்கும் பொருந்தும்.

இதனால்தான் புகாரில் 'திருடிவிட்டார்கள்' என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்கிறேன். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டத்தில், பயணிகள் வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவது 305-ஆவது பிரிவில் வருகிறது. ஏழு ஆண்டு வரை சிறை. பிடி ஆணை இல்லாமலேயே கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். அந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகி, பிறகு உறவுக்காரர் என்றோ ஏழை என்றோ மனம் இளகினாலும், நீங்களாகச் சமரசம் செய்து முடிக்க முடியாது. வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். நாத்தனார் எழுந்தது தண்ணீர் பாட்டிலுக்கு. அவர் பெயரை அந்தக் காகிதத்தில் எழுதுவதற்கு உங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை. தயவுசெய்து எழுதாதீர்கள்.

சுண்டல்காரர் விஷயத்தில் உங்கள் வீட்டார் செய்தது தவறு. பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்துவைக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 40-ஆவது பிரிவு மிகக் குறுகிய இடமே தருகிறது. ஜாமீனில் விட முடியாத குற்றம் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும், அல்லது அவர் தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவராக இருக்க வேண்டும். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கவும் வேண்டும். மறுநாள் போய் வழிமறிப்பது இதில் வராது. அவர் புகார் கொடுத்தால், சட்டவிரோதமாகத் தடுத்ததற்காக கொழுந்தனார் மேல் நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவில் நடவடிக்கை எடுக்கலாம். ஒரு நாள் சரக்கைக் கொட்டினால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. கொழுந்தனாரே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, கொட்டிய சுண்டலுக்குப் பணம் கொடுக்கட்டும். மை போடுவதையும் விட்டுவிடுங்கள். மையில் முகம் தெரிந்தது என்று நாலு பேர் முன்னால் ஒரு பெயரைச் சொன்னால் அது நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறு. மை பார்த்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி நியாயப்படுத்த முடியாது.

இனி புகார். ஓடும் ரயிலில் பயணிகளின் உடைமை போனால் விசாரிப்பது தமிழ்நாடு அரசின் இருப்புப்பாதைக் காவல்துறை. ஆர்.பி.எஃப். என்பது ரயில்வேயின் பாதுகாப்புப் படை, இந்த வழக்கைப் பதிவது அவர்கள் வேலை அல்ல. கடலூர் அல்லது விழுப்புரம் இருப்புப்பாதைக் காவலர்களிடம் போங்கள். பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்த எந்த எல்லையிலும் விசாரிக்கலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 203-ஆவது பிரிவு. ஆகவே 'சிதம்பரத்துக்குப் போ' என்று அனுப்ப முடியாது. திருட்டு என்றே தெரியவந்தால், நெல்லிக்குப்பம் காவல் நிலையத்திலேயே அதே சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி எல்லை பார்க்காமல் பதிந்து, உரிய இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். வில்லியனூர் வேறு ஆட்சிப் பகுதி என்பதும் தடை இல்லை. இணையத்தில் உள்ள தொலைந்த ஆவண அறிக்கையை நிரப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அது பாஸ்போர்ட், லைசென்ஸ் போன்ற ஆவணங்களுக்கு மட்டும். நகைக்குச் செல்லாது.

புகாரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். இந்த மாதிரி:

'மேற்படி ஞாயிறு மாலை சிதம்பரத்திலிருந்து நெல்லிக்குப்பம் வரை விழுப்புரம் பாசஞ்சரில், இன்ஜினிலிருந்து இத்தனையாவது பெட்டியில் பயணம் செய்தேன். சுமார் 40 கிராம் எடையுள்ள தங்கச் சங்கிலியை முறுக்குடன் எவர்சில்வர் தூக்கில் வைத்து, சாமான் தட்டில் வைத்திருந்தேன். வீட்டில் திறந்தபோது அது என்னுடைய தூக்கு அல்ல என்று தெரிந்தது. அதன் அடியில் இவ்வாறு எழுத்து வெட்டப்பட்டுள்ளது. தூக்கு மாறியிருக்கலாம். குறிப்பிட்ட யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்டுபிடித்துத் தர வேண்டுகிறேன். குடும்பத்துக்குள் தேடிப் பார்த்ததால் புகார் கொடுக்க இத்தனை நாள் தாமதமானது.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காரணம் சொல்லாத தாமதம்தான் பிறகு நீதிமன்றத்தில் முதல் கேள்வியாக வரும்.

இந்தப் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால் சண்டை போட வேண்டாம். இப்போதைக்கு அதுதான் சரி. சங்கிலியைக் கண்டெடுத்தவர் உரிமையாளரைத் தேடாமல் தனதாக்கிக்கொண்டால் அது நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவுக் குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகம் இரண்டு ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை அது. பாதுகாத்துத் திருப்பித் தர வைத்திருப்பவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் விற்றோ அடகு வைத்தோ விட்டார்கள் என்று தெரிந்தால், சி.எஸ்.ஆர். நகலோடு ஒரு வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 174-ஆவது பிரிவில் உத்தரவு வாங்குங்கள்.

புகாரோடு சங்கிலி உங்களுடையது என்பதற்கான ஆதாரங்களைச் சேருங்கள். 2021-க்குப் பிறகு வாங்கியது என்றால் கொக்கிக்கு அருகே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்ற ஹால்மார்க் அடையாளக் குறியீடு இருக்கலாம். பில்லிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நகை என்றால் கூட்டுறவு வங்கியில் எப்போதாவது அடகு வைத்த ரசீதைத் தேடுங்கள். அதில் எடை எழுதியிருக்கும். கழுத்தில் சங்கிலியோடு எடுத்த போட்டோ, எந்தக் கண்ணியில் ஒட்டு வைத்தீர்கள், கொக்கி எந்த மாதிரி என்பதெல்லாம் உதவும். பயணச் சீட்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை, அதற்காகப் புகாரை மறுக்க முடியாது. செல்போனில் எடுத்த சீட்டு என்றால் அதன் விவரம் ஆப்பில் கிடைக்கும். வந்திருக்கும் தூக்கை இனி தேய்க்க வேண்டாம். எழுத்து தெரியும்படி படம் எடுத்து, துணியில் சுற்றி வையுங்கள்.

மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் தூக்கை யாருமே எடுக்காமல், அது விழுப்புரம் வரை தட்டிலேயே போயிருக்கலாம். ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். விழுப்புரம் நிலைய மேலாளரிடமும் ஆர்.பி.எஃப். அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். பயணிகள் விட்டுச் சென்ற பொருளை ஒப்படைப்பது ஆர்.பி.எஃப். செய்கிற வேலை, அதற்கு 'ஆபரேஷன் அமானத்' என்றே பெயர். பிளாட்பாரத்தில் கேமரா இருந்தால் அந்த மாலைப் பதிவை அழியாமல் வைக்கும்படி அதே மனுவில் கேளுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். இதை நாளைக்கே செய்யுங்கள்.

ரயில்வே நஷ்ட ஈட்டை நம்ப வேண்டாம். ரயில்வே சட்டம் 1989-இன் 100-ஆவது பிரிவுப்படி, பயணி தன்னோடு வைத்திருக்கும் சாமானுக்கு ரயில்வே ஊழியரின் அலட்சியம் நிரூபணமானால்தான் பொறுப்பு. இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாய் திருடுபோன வழக்கில், அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வில்லியனூரில் தேடும்போது ஒன்று நினைவிருக்கட்டும். கா.மு. என்பது அன்பளிப்புக் கொடுத்தவர் பெயர், தூக்குக்குச் சொந்தக்காரர் பெயர் அல்ல. அவரைக் கண்டுபிடித்தால், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தார் என்று கேட்டு அந்த வீட்டுக்குப் போகலாம். பெயர் வெட்டும் பாத்திரக் கடைகளில் விசாரியுங்கள். சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் தூக்கு மாறியதை மட்டும் சொல்லுங்கள். உள்ளே முறுக்கோடு வேறு என்ன இருந்தது என்று அவர்களே சொல்லட்டும். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சங்கிலி கிடைத்தால், இரு தரப்பும் தூக்குகளை மாற்றிக்கொண்டதாக ஒரு தாளில் எழுதி, சங்கிலியை எடை போட்ட அளவையும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். போடப்பட்டிருந்தால் மட்டும் நீங்களாக வாங்கிக்கொள்ளாதீர்கள். போலீஸ் கைப்பற்றி நீதிமன்றத்தில் ஒப்படைத்தபின், பி.என்.எஸ்.எஸ். 497-ஆவது பிரிவில் மனு போட்டு, படம் எடுத்து, பிணைமுறி கொடுத்துப் பெற வேண்டும். சி.எஸ்.ஆர். மட்டும் என்றால் அந்தத் தாளின் நகலை அதே நிலையத்தில் கொடுத்து மனுவை முடித்துவையுங்கள். முடிக்காமல் விட்டால், இரண்டு மாதம் கழித்துக்கூட அந்த ரயிலில் வியாபாரம் செய்கிறவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.