வைப்ரேஷன் மெஷின் மேல் நின்றால் தொப்பை குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 48, எடை 70 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. வைப்ரேஷன் மெஷின் மேல் தினமும் 10 நிமிடம் நின்றாலே ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போனதற்குச் சமம் என்கிறார்கள். தொப்பை குறையுமா? வாங்கலாமா?

பதில்: தொப்பைக்காக என்றால் வாங்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். மெஷின் மேல் 10 நிமிடம் நிற்பதைத் தாராளமாக, மெதுவான நடைக்கு ஈடாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் எடைக்குச் சுமார் 35 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அப்படியானால் 220 நாள் விடாமல் நிற்க வேண்டும், அதுவும் சாப்பாடு ஒரு கவளம்கூடக் கூடாமல்.

மெஷினில் நின்றதும் தொடை சிவந்து அரிக்கும். 'கொழுப்பு கரைகிறது' என்று பலர் நம்பிவிடுகிறார்கள். தோலில் ரத்த ஓட்டம் கூடுவதால் வருவது அது, கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குலுக்குகிற இடத்தில் மட்டும் கொழுப்பு கரையவும் செய்யாது.

அப்படியானால் மெஷின் வெறும் ஏமாற்றா? அப்படியும் சொல்ல மாட்டேன். நாம் ஏறி நிற்கும் பிளேட் பொதுவாக நொடிக்கு 20 முதல் 50 தடவை, சில மில்லிமீட்டர் அளவுக்கு அதிர்கிறது. ஒவ்வொரு அதிர்விலும் தசை லேசாக இழுபட்டு, தானாகவே சுருங்குகிறது. டாக்டர் முழங்காலில் சுத்தியால் தட்டினால் கால் துள்ளுமே, அதே மாதிரிதான். அதனால் வெகுநாளாக உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கால் வலுவும் நிலைதடுமாறாமல் நிற்கும் திறனும் ஓரளவு கூடலாம். நன்றாக நடந்து, உட்கார்ந்து எழ முடிகிறவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் லாபம் மிகக் குறைவு. எலும்பு அடர்த்தி குறையும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) நல்லது என்பார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சும்மா நிற்காமல், அதன் மேல் பாதி உட்கார்ந்து எழுங்கள், குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். விறைப்பாக நின்றால் அதிர்வு நேரே முதுகுக்கும் தலைக்கும் ஏறும். லாரி ஓட்டுநர்களுக்கு முதுகுவலி அதிகம் வர நாள் முழுக்க வாங்கும் அதிர்வும் ஒரு காரணம். முதலில் அரை நிமிடம் செய்து இறங்கி ஓய்வெடுங்கள், அப்புறம் மறுபடி.

கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டி, விழித்திரைப் பிரச்சினை, சிறுநீரகக் கல், வலிப்பு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் ஏறவே கூடாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடை 10 நிமிடத்தில் தொடங்கட்டும். தசைக்கு உங்கள் நாற்காலியே போதும். கையை ஊன்றாமல் 10 தடவை எழுந்து உட்காருங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னும் இரண்டு சுற்று. முழங்கால் வலித்தால் நாற்காலியில் கனமான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.