40 மாதம் மிச்சமுள்ள காருக்கு 17,000 வெள்ளியில் எஞ்சின் போடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 35 வயது. சிங்கப்பூர் செங்காங்கில் வீடு, மனைவி, நான்கு வயதில் ஒரு மகள். 2019-இல் பதிவான ஹோண்டா ஜாஸ் 1.3 வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சிஓஇ, அதாவது காரை வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்று, இன்னும் 40 மாதம் இருக்கிறது, கார் கடனும் அதுவரை ஓடும். சின்ன வயதிலிருந்தே எனக்குக் காரென்றால் உயிர். மலேசியாவின் ஜோகூரில் ஒரு ஒர்க்‌ஷாப், பழைய சிவிக் டைப் ஆரில் வந்த 2.0 லிட்டர் கே20ஏ எஞ்சினை ஹாஃப் கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டியிலிருந்து, எடுத்து என் காரில் போட்டுத் தருவதாகச் சொல்கிறது. மேனுவல் கியர்பாக்ஸ், ஒயரிங், கூலி எல்லாம் சேர்த்து நம் காசுக்கு 17,000 வெள்ளி. சேமிப்பில் இருக்கும் 26,000-இல் 10,000 எடுத்துக்கொண்டு, மிச்சம் 7,000-க்கு பெர்சனல் லோன் போடலாம் என்று இருக்கிறேன். கார் தவணையும் சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 4,200. போட்ட காசு வீணாகக் கூடாது என்பதால் சிஓஇயை அப்புறம் ஐந்தாண்டு நீட்டிக்கவும் யோசனை. சரிதானே?

பதில்: தம்பி, உங்கள் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஏறத்தாழ 100 குதிரைத்திறன் உள்ள ஒரு சின்ன காரில் 200-க்கு மேல் தரும் எஞ்சின் உட்கார்ந்தால் அந்த வண்டி எப்படிப் பாயும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் திட்டத்துக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். எஞ்சின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதை நீங்கள் எந்த நாட்டில், எந்த வண்டியில் போடப் போகிறீர்கள் என்பதுதான் என்னைத் தடுக்கிறது.

அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இதே வேலையைச் செய்கிறவர் அந்தக் காரை இருபது வருடம் ஓட்டலாம். நம் ஊரில் காருக்கு நாள் குறித்திருக்கிறார்கள். உங்களிடம் மிச்சம் 40 மாதம். 17,000-ஐ 40-ஆல் வகுத்தால் மாதம் 425 வெள்ளி. சாலை வரியையும் பாருங்கள். அது எஞ்சின் கொள்ளளவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. உங்கள் 1,317 சிசிக்கு இப்போது ஆண்டுக்கு 577 வெள்ளி அளவில் கட்டுகிறீர்கள். 1,998 சிசிக்கு அது 1,210 வெள்ளி. வித்தியாசம் மாதம் 53. ஆக, பெட்ரோலும் காப்புறுதியும் சேராமலே மாதம் 478 வெள்ளி. ஏற்கெனவே கட்டும் தவணைக்கு மேலே இது.

40 மாதம் முடிந்ததும் அதில் எவ்வளவு திரும்பும்? பத்தாவது ஆண்டு முடிவில் பதிவை ரத்து செய்தால், உங்கள் வண்டிக்குக் கட்டப்பட்ட ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி பார்ஃப் கழிவாக வரும். வண்டியின் பதிவு விவரம் உள்ள லாக் கார்டில் ஏஆர்எஃப் 16,000 என்று இருந்தால் 8,000 வெள்ளி. உள்ளே எந்த எஞ்சின் இருந்தாலும் அதே 8,000-தான். இடையில் விற்கலாம் என்றாலும், பிள்ளைகளை ஏற்றிப்போக ஜாஸ் தேடுகிறவர் எஞ்சின் மாற்றிய வண்டியைக் கண்டாலே ஒதுங்கிவிடுவார். இதே பைத்தியம் உள்ள ஒருவர் வாங்கினால்தான் உண்டு, அவரும் நீங்கள் செலவழித்ததைத் தரமாட்டார்.

அதனால்தான் சிஓஇ நீட்டிப்பு யோசனை வருகிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி அதுதான். ஐந்தாண்டு நீட்டிப்புக்குக் கடந்த மூன்று மாத சராசரி சிஓஇ விலையில், அதாவது பிகியூபியில், பாதியைக் கட்ட வேண்டும். 2025 அக்டோபரில் சின்ன கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 120,000 வெள்ளியைத் தாண்டியது. நீங்கள் நீட்டிக்கும் சமயத்தில் பிகியூபி 100,000-க்கு இறங்கியிருந்தாலும் உங்கள் பங்கு 50,000. மாதம் 833 வெள்ளி. நீட்டித்த நாளே அந்த 8,000 வெள்ளி கழிவும் போய்விடும். பத்து வயது தாண்டினால் சாலை வரியில் முதல் ஆண்டு 10 விழுக்காடு கூடுதல், ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 வரை போகும். பரிசோதனைக்கும் ஆண்டுதோறும் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். ஐந்தாண்டு முடிந்தால் மறுபடி நீட்டிக்க வழியே கிடையாது. 17,000-ஐக் காப்பாற்ற 50,000 போடுவதை யாருக்கும் நான் சொல்லமாட்டேன், தம்பி.

இனி பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மாதம் 4,200 செலவு என்றால் ஆறு மாதத்துக்கு 25,200. உங்கள் 26,000 சேமிப்பு முழுவதுமே அவசரத் தேவைக்கான பணம். அதில் 10,000 எடுத்தால் நான்கு மாதச் செலவுக்குக்கூடக் காணாது. நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கையிருப்பில் கை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

லோன் விளம்பரத்தில் 4 விழுக்காடு என்று போட்டிருந்தால் அது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய 7,000-க்கே கடைசிவரை வட்டி போடுவார்கள். மூன்று ஆண்டில் 840 வெள்ளி. உண்மையான வட்டி விகிதம் ஏறக்குறைய 7.5 விழுக்காடு. வங்கியின் தாளில் ஈஐஆர் என்று ஒரு எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் கையில் தனியாக 17,000 இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எஞ்சினைத் தொடுவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். டயர் மாற்றுவதுபோல் போய் மாற்றிக்கொண்டு வர முடியாது. அனுமதி இல்லாமல் மாற்றி மாட்டிக்கொண்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்னொரு முறை என்றால் இரு மடங்கு. கடன் பாக்கி இருக்கும் வண்டி வேறு. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தப்படி கடைசித் தவணை கட்டும்வரை அது சட்டப்படி நிதி நிறுவனத்தின் சொத்து. அவர்களைக் கேட்காமல் எஞ்சினைக் கழற்ற உங்களுக்கு உரிமை கிடையாது. ஜோகூர் ஒர்க்‌ஷாப்காரர் இவற்றில் எதையாவது உங்களிடம் சொன்னாரா?

காப்புறுதியில் எங்கள் குடும்பமே அடி வாங்கியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என் அண்ணன் தன் காரில் டர்போ போட்டார், நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. மழை நாளில் விரைவுச்சாலையில் வழுக்கித் தடுப்பில் மோதினார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய காரியம். ஆனால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஓட முடியாத காருக்கு அண்ணன் இரண்டு வருடம் தவணை கட்டினார். ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதியில் அண்ணி முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

17,000 என்ற எண்ணையும் நான் நம்பவில்லை. கே20ஏ பொருத்திய டைப் ஆர் வண்டிகளின் தயாரிப்பு 2010-இலேயே நின்றுவிட்டது. உங்களுக்குக் கிடைக்கும் எஞ்சினுக்குக் குறைந்தது 15 வயது. அதன் உள்ளே என்ன நிலைமை என்று திறந்தால்தான் தெரியும். பழைய பிரேக் இந்த வேகத்துக்குப் போதாது. சஸ்பென்ஷன், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை டியூன் செய்யத் தனிச் செலவு. வண்டி இரண்டு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அந்த இரண்டு மாத சிஓஇ, வரி, காப்புறுதி, தவணை எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் மனைவியிடம் எந்த உரிமம்? 3ஏ என்றால் மேனுவல் கியர் வண்டியை அவர் ஓட்டவே முடியாது. குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்து நீங்கள் ஷிஃப்டில் இருந்தால், கீழே கார் நிற்கும், அவர் வாடகைக் கார் தேடுவார். இதை அவரிடம் பேசிவிட்டீர்களா?

வேகமான சின்ன கார்தான் வேண்டும் என்றால் தொழிற்சாலையே செய்து தந்தது இருக்கிறது. சுஸூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 1,373 சிசி டர்போ எஞ்சின் 140 குதிரைத்திறன் தரும், சாலை வரியோ ஆண்டுக்கு 610 வெள்ளி அளவுதான். கே20ஏ அளவுக்கு வலு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த வேகத்துக்கென்றே வடிவமைத்தவை. காப்புறுதியிலும் ஒளிக்க எதுவும் இல்லை. பழைய வண்டியாகப் பார்க்கும்போது விற்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். விலையிலிருந்து பார்ஃப் கழிவைக் கழித்து, மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் வரும். உங்கள் ஜாஸுக்கும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாஸை விற்பதாக இருந்தால் முதலில் நிதி நிறுவனத்திடம் முழுத் தீர்வுத் தொகையைக் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போதைக்கு நான் செய்யச் சொல்வது இது. சேமிப்பைத் தொடாமல், சம்பளத்திலிருந்து மாதம் 250 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுங்கள். அது உங்கள் கார் ஆசைக்கு மட்டும், வீட்டில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஒரு வருடத்தில் 3,000 சேரும். நல்ல டயர், பிரேக் பேட், விதிகளுக்கு உட்பட்ட டேம்பர் போட்டுக்கொண்டு, மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் தனியார் வண்டிகளை விடும் நாளாகப் பார்த்துப் போய்வாருங்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுவதைப் பெரும்பாலான காப்புறுதிகள் ஏற்பதில்லை, அதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். 5.543 கிலோமீட்டர் தடம் அது. அங்கே 100 குதிரைத்திறன் ஜாஸும் உங்களை வியர்க்க வைக்கும்.

ஜோகூருக்கு முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் ரசீதின் படத்தை அனுப்புங்கள், திரும்பக் கேட்டு என்ன எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.