அப்பாவின் கண்புரை ஆபரேஷன்: எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. ரங்கூனில் இருக்கிறோம். இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் எங்கள் அம்மாவின் இரண்டு கண் ஆபரேஷனுக்கும் பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு நாளும் சொட்டு மருந்து விட்டவள். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கென்று உங்கள் டாக்டர் தனியாக ஏதாவது சொன்னால் அதையே கேளுங்கள்.

பெரியவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது வேறு ஒரு ஆபரேஷனைப் பற்றி. எங்கள் அப்பத்தாவுக்கு எழுபதுகளில் செய்தார்கள். அப்போது கருவிழி ஓரத்தில் 10 மில்லிமீட்டருக்கும் மேலே வெட்டி, புரை பிடித்த, கண்ணின் இயற்கை லென்ஸை முழுதாக வெளியே எடுத்து, தையல் போடுவார்கள். தலை அசையக் கூடாதென்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை. தும்மினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம் அன்றைக்கு நியாயமான பயம்தான். எடுத்த லென்ஸுக்குப் பதிலாக உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. சாகும் வரை சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டுத்தான் அப்பத்தா எங்கள் முகத்தைப் பார்த்தது.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பதை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் 1949லேயே செய்துவிட்டார். ஆனால் அது நம்மைப் போன்ற வீடுகளுக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. விலைதான் பெரிய தடை. 1992ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்த பிறகு விலை பல மடங்கு இறங்கியது. இப்போது 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை போட்டு, மீயொலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சி, சுருட்டிய லென்ஸை உள்ளே விடுகிறார்கள். அது உள்ளே போய் விரிந்துகொள்ளும். துளை தானாகவே மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தையலே கிடையாது. இதற்கு ஃபேகோ என்று பெயர். லேசர் ஆபரேஷன் என்று பலரும் சொல்வது இதைத்தான். ஆனால் வழக்கமான ஃபேகோவில் லேசர் இல்லை.

"புரை பழுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். எங்கள் அம்மா அப்படித்தான் மூன்று வருடம் தள்ளிப்போட்டார். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்தார், விளக்கெண்ணெய் விட்டார். எதுவும் புரையைக் கரைக்காது. ஆபரேஷன் தவிர வேறு வழியே கிடையாது. காட்டும்போது வலது கண் லென்ஸ் பழுப்பேறிக் கல் மாதிரி ஆகியிருந்தது. ஃபேகோவில் உடைப்பது கண்ணுக்குச் சிரமம் என்று, 6 மில்லிமீட்டர் அளவில் கொஞ்சம் பெரிய துளை போட்டுக் கையால் எடுக்கும் முறையில் செய்தார்கள். அதுவும் நல்ல முறைதான், தையலும் போடவில்லை, பார்வையும் நன்றாக வந்தது. ஆனால் கண் தெளிய இடது கண்ணைவிடக் கூடுதல் நாள் ஆனது. இன்னும் விட்டிருந்தால் லென்ஸ் வீங்கி, கண் அழுத்தம் ஏறி, வலியோடு அவசரமாக ஓட வேண்டிய நிலை வந்திருக்கலாம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருக்கிறதென்றால் அதுவே சரியான நேரம்.

ஆபரேஷனுக்கு முன் அப்பா சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். 70 வயது ஆண் என்பதால் முக்கியமாகக் கேட்கிறேன், சிறுநீர் தாராளமாகப் போவதற்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? அது கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடும், ஆபரேஷன் நடுவில் சிக்கல் கொடுக்கும். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். தெரிந்துவிட்டால் டாக்டர் அதற்கேற்றபடி தயாராகிக்கொள்வார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால், புரையை எடுத்தாலும் பார்வை ஓரளவுக்குத்தான் வரும். அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எந்த லென்ஸ் என்று கேட்பார்கள். சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவு கொடுக்கும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். கிட்டவும் எட்டவும் தெரிகிற விலை கூடிய லென்ஸ் இருக்கிறது. ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், விழித்திரையோ கண் நரம்போ கெட்டவர்களுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. அம்மாவுக்குச் சாதாரண லென்ஸ்தான். விலை குறைவு என்பதற்காக அப்பாவுக்கு ஏதோ குறை வைக்கிறோம் என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

அந்த நாள் சீக்கிரம் முடிந்துவிடும். கண்ணை மரக்கச் செய்வார்கள், ஆள் விழித்தேதான் இருப்பார். உள்ளே இருப்பது இருபது நிமிடம், அரை மணி. இருமல் வந்தால் அசைவதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும், இதை மட்டும் அப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நான் நிறையச் சொல்ல நினைப்பது அதற்கு அடுத்த ஒரு மாதத்தைப் பற்றி.

பெகுவில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் அருமையாக நடந்தது. ஆறாம் நாள் கண் பளிச்சென்று இருக்கவே, சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசியது. உள்ளே அழற்சி. திரும்ப மருந்து போட்டுச் சரியாக மூன்று வாரம் ஆனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்தை எப்படி விடுவது என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், முழுக்கப் பர்மிய எழுத்தில். பெரியப்பா சந்தையில் பர்மியர்களோடு பர்மியர் போலப் பேசுவார், ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. நம் பெரியவர்கள் பலருக்கும் இதுதான் நிலைமை. யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் அம்மாவுக்கு நான் தமிழில் ஒரு அட்டவணை போட்டுப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பாட்டில் மூடியின் நிறத்தை வரைந்து, எதிரே நேரம். விட்டதும் அம்மாவே ஒரு கோடு போடுவார். கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்றிரண்டு வாரம், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து வாரா வாரம் குறைத்துக் குறைத்து நான்கு முதல் ஆறு வாரம் என்று பொதுவாகக் கொடுப்பார்கள். சொன்ன நாள் வரை விட வேண்டும். சொன்னதற்கு மேலும் விடக் கூடாது. இங்கே கடைகளில் சீட்டு இல்லாமலே மருந்து கிடைப்பதால் இதைச் சொல்கிறேன், ஸ்டீராய்டைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும். விடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி.

சரி, பெரியவர்கள் சொன்னதில் எதை வைத்துக்கொள்வது? கண்ணில் தண்ணீர் படாமல் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாவது கழுத்துக்குக் கீழே குளித்துவிட்டு, முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். அம்மாவின் இரண்டாவது கண் மார்ச் கடைசியில் நடந்தது, பின்னாலேயே திஞ்ஞான் வந்துவிட்டது. தண்ணீர் விழாவில் தெருவில் போகிறவர்கள் மேல் குழாய் வைத்துப் பீய்ச்சுவார்களே, அது கண்ணில் பட்டால் என்ன ஆவது? சித்திரைப் பிறப்புக்குக் கோயிலுக்குப் போக முடியவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம், ஆனாலும் அந்த நாட்கள் முழுக்க வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். உங்களுக்கு நாள் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஏப்ரலை ஒட்டி வைக்காதீர்கள். அடுப்புப் புகை, கற்பூரப் புகை, நெற்றியிலிருந்து உதிரும் திருநீறு, பெண்களுக்குத் தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு, இவையும் கொஞ்ச நாள் கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். கண்ணைக் கசக்கக் கூடாது. தூங்கும்போது பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொள்ள வேண்டும். அரிசி மூட்டை தூக்குவது கூடாது.

பத்தியத்தை விட்டுவிடுங்கள். பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது, நாப்பி என்ற பர்மிய மீன் விழுது ஆகாது என்பார்கள். அதனால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. 70 வயது ஆளுக்குச் சாப்பாட்டைக் குறைப்பதுதான் கெடுதல். நாற்பது நாள் மல்லாந்து படுத்தே கிடக்கவும் வேண்டாம். டிவி பார்க்கலாம், நடக்கலாம்.

மாடிப்படியில் மட்டும் ஜாக்கிரதை. நம் ஊர்க் கட்டிடப் படிகள் எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்கே தெரியும், கரண்ட் போனால் கும்மிருட்டு. ஒரு கண் முடிந்து இன்னொன்று முடியாத அந்த இடைக்காலத்தில் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒத்துப்போகாது, படியின் ஆழம் பிடிபடாது. அம்மா ஒருமுறை கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் கால் வைத்துவிட்டார், நல்ல வேளை நான் கையைப் பிடித்திருந்தேன். தலைமாட்டில் ஒரு டார்ச் வையுங்கள்.

கண்ணில் உறுத்தல், நீர் வடிதல், கொஞ்சம் மங்கல், இவை முதல் சில நாட்களுக்கு இருக்கும். ஆனால் வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு ஏறினால், தெளிந்த பார்வை திரும்ப மங்கினால், பளிச் பளிச்சென்று மின்னல் தெரிந்தால், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலிருந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஓடுங்கள். முக்கியமாக முதல் வாரத்தில். கண்ணுக்குள் கிருமி பிடிப்பது மிக அரிது, பிடித்தால் ஒரு நாள் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடும். கண் டாக்டரின் அவசர எண்ணை அட்டவணையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

புதுக் கண்ணாடி அளவை நான்கு, ஆறு வாரம் கழித்து எடுத்தால் போதும். மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் "புரை திரும்ப வந்துவிட்டது" என்று பயப்பட வேண்டாம். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் மெல்லிய உறையில் படலம் படிவதுதான் அது. அதற்குத்தான் லேசர், சில நிமிட வேலை.

வலது கண்ணின் மூடியை எடுத்த அன்று அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்று, எதிர்வீட்டுக் கொடியில் காயும் கைலியைக் காட்டி, "அது நீலமா?" என்று கேட்டார். புரை மஞ்சளாகிப் போனதால் நீலம் அவருக்கு எத்தனையோ வருடமாகச் சாம்பல் நிறம். அன்றைக்குச் சாயங்காலமே முறத்தை எடுத்துவைத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். குனிய வேண்டாம் என்று முறத்தைத் தூக்கி மேஜையில் வைத்துக் கொடுத்தேன்.

அப்பாவுக்கு நாள் குறித்ததும், எந்தெந்த மருந்து கொடுத்தார்கள் என்று இங்கே எழுதுங்கள். அட்டவணையைத் தமிழில் போட்டுத் தருகிறேன்.