எலக்ட்ரீஷியன் ஆக என்ன வழி, எவ்வளவு வருமானம் வரும்?

கேள்வி: எனக்கு வயது 26. அலுவலக வேலையை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் தொழிலுக்கு வர நினைக்கிறேன். மூன்று மாதக் கோர்ஸ் போதுமா? வருமானம் எப்படி இருக்கும்?

பதில்: தாராளமாக வாருங்கள், 26 வயதெல்லாம் தாமதமே இல்லை. ஆனால் மூன்று மாதம் போதாது. அதற்குள் கருவிகள் கைக்குப் பழகும், அவ்வளவுதான். முறையான தொழிற்பயிற்சி பல நாடுகளில் 3 முதல் 5 ஆண்டுகள் வரை நடக்கிறது. சைட்டில் வேலை, இடையிடையே வகுப்பு, முடிவில் தேர்வு, அதன் பிறகு லைசென்ஸ். பயிற்சிக் காலத்திலும் பெரும்பாலும் கொஞ்சம் பணம் வரும். ஆனால் இப்போது நீங்கள் வாங்கும் சம்பளத்தைவிட அது குறைவாகவே இருக்கும் என்பதால், வீட்டுச் செலவுக்கு முதலில் வழி செய்துகொள்ளுங்கள். நிறப்பார்வைப் பரிசோதனையையும் சேருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வயர்களை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டிய தொழில் இது.

வருமானம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். லைசென்ஸ் இல்லாதவர் எத்தனை வருடம் உழைத்தாலும் பெரும்பாலும் குறைந்த கூலியிலேயே நின்றுவிடுவார். பொதுவாக வீட்டு வயரிங்கைவிடத் தொழிற்சாலை வேலைக்குச் சம்பளம் அதிகம். மோட்டார் கன்ட்ரோல், பிஎல்சி (இயந்திரங்களைத் தானாக இயக்கும் சிறு கணினி) தெரிந்தால் இன்னும் கூடும். சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுப்பவர் கையில் பெரிய தொகை புரளும். ஆனால் கருவி, வண்டி, காப்பீடு, வேலை இல்லாத நாட்கள் எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவருடைய வருமானம்.

என் அனுபவத்தில், நல்ல காசு பார்ப்பவர்கள் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். ஒரு வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வையுங்கள். அரைகுறை ஆள் எம்சிபிகளை (லோடு அதிகமானால் அந்தந்த லைனை அணைக்கும் ஸ்விட்சுகளை) ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குழம்புவார். சில சமயம் ஆர்சிசிபியையே பைபாஸ் செய்துவிட்டுப் போய்விடுவார். அது உயிரோடு விளையாடும் காரியம். விஷயம் என்னவென்றால், ஒற்றை போல் எம்சிபி, கரண்ட் வரும் பேஸ் வயரை மட்டுமே துண்டிக்கும்; கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைத் துண்டிக்காது. நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபியை அணைத்தாலும் கோளாறு அப்படியே இருக்கும். தொழில் தெரிந்தவர் மெயினை நிறுத்தி, சப்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நியூட்ரல் வயர்களை அவை ஒன்றாகச் சேரும் பாரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து எந்த லைன் என்று பிடித்துவிடுவார். இந்த வேலை தெரிந்தவரைத்தான் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள், கேட்ட கூலியும் கொடுப்பார்கள்.

அதனால் பயிற்சிக்கு இடம் தேடும்போது உதவித்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது என்று மட்டும் வருடக்கணக்கில் ஓட்டுவார்களா, மீட்டரையும் கையில் கொடுப்பார்களா என்று அங்கே ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் வேலை செய்வதை ஒரு நாள் கூடவே நின்று பாருங்கள். சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, மீட்டரில் சரிபார்த்த பிறகே கை வைக்கிறார்கள் என்றால் அங்கே சேரலாம். லைவ் லைனில் கை வைப்பதை வீரமாகப் பேசுகிற இடமாக இருந்தால், எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.